பள்ளித்துறையின் ஜூலை 22

கேரளத்துச் சுவர்க் காலண்டரில் ஒரு நாளுக்கான கட்டம் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் ஆங்கிலத் தேதி, கொல்லம் ஆண்டுத் தேதி, நட்சத்திரம், ஹிஜ்ரி தேதி, பெருநாள்கள் எல்லாம் அடங்கிவிடும். கழக்கூட்டம் சந்திப்பில் எந்தக் கடையில் நின்றாலும் கல்லாவுக்குப் பின்னால் அது தொங்குவதைப் பார்க்கலாம். ஜூலை மாதத் தாளில் 22ஆம் தேதியில் கண் படும்போதெல்லாம் மனம் கடற்கரைப் பக்கம், தும்பாவுக்கு ஓடுகிறது. அன்று மகதலா மரியாவின் திருநாள். தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் மதிலுக்குள் நிற்கும் வெள்ளைச் சுவர்க் கோயில் அவர் பெயரில் எழுந்தது. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். அந்தக் கோயில் கைமாறிய கதை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. ராக்கெட் ஏவுதளத்துக்காகச் சாராபாய் வந்து கேட்டார், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிறு பூசையில் மக்களிடமே கேட்டார், மக்கள் ஆமென் என்றார்கள் என்று அப்துல் கலாம் எழுதியும் பேசியும் நாடெங்கும் பரப்பிய கதை அது. விஞ்ஞானியும் ஆயரும் கதையில் நிலைத்துவிட்டார்கள். கோயிலின் பாதுகாவலி பெயரளவுக்கு ஒரு முறை வந்துவிட்டு மறைந்துபோகிறார். அவர் மறைந்துபோகக் கூடாது என்பதே என் வாதம். பழங்காலப் புனிதர் ஒருவரின் நினைவைத் தாங்கி நிற்பவை இரண்டு: ஒரு நாள், ஓர் இடம். இடம் போன பிறகும் நாள் நிற்கும் என்பதற்கு அவருடைய வரலாறும், அந்தக் கோயிலைக் கொடுத்த பள்ளித்துறை மக்களின் வரலாறும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன.

அன்றைய தும்பாவை முதலில் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கடல், நடுவில் ஏறத்தாழ 600 ஏக்கர் மணலும் தென்னையும். பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கரைக்கு மிக அருகில் போகிறது என்பதால், மேல் வளிமண்டலத்தை ஆராய விரும்பியவர்களுக்கு அதைவிட வாய்ப்பான இடம் அமையவில்லை. மீனவக் குடும்பங்கள் அங்கிருந்து பெயர்ந்து, சற்றுத் தள்ளிப் புதிய ஊரும் அதே புனிதர் பெயரில் புதிய கோயிலும் கண்டார்கள். பழைய கோயிலின் செபக்கூடம் கலாமுக்கு முதல் ஆய்வுக்கூடமானது. ஆயருக்கென இருந்த அறையில் வரைபடங்கள் விரிந்தன. ராக்கெட்டின் முனைக்கூம்பைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போகும் புகைப்படம் இன்று உலகெங்கும் தெரிந்தது. அதை எடுத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1963 நவம்பர் 21ஆம் தேதி மாலை அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து மேலேறியது. நவம்பர் 21 கத்தோலிக்க நாள்காட்டியில் குழந்தை மரியா ஆலயத்தில் காணிக்கையாக்கப்பட்ட நாள். கீழை நாடுகளில் பிறந்து இடைக்காலத்தில் மேற்கே பரவிய விழா அது. யாரும் திட்டமிட்டுப் பொருத்தியதல்ல. ஆனாலும் கோயிலையே காணிக்கையாகக் கொடுத்த ஊரின் முதல் ராக்கெட் அந்த நாளில் கிளம்பியது என்பதை அறிந்த பிறகு மறக்க முடிவதில்லை.

நாளும் இடமும் என்று நான் சொல்வது சொந்தச் சரக்கல்ல. புனிதர் வரலாறுகளைச் சலித்து ஆராய்வதற்கென்றே பெல்ஜியத்தில் இயங்கிய பொல்லாந்தியர் குழுவைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி இப்போலித் தெலஹே, இருபதாம் நூற்றாண்டில் இந்த அளவுகோலை வகுத்துக் கொடுத்தார். ஒருவர் உண்மையாகவே வணங்கப்பட்ட பழைய மறைசாட்சிதானா என்று அறிய, அவரைப் பற்றிய கதைகளைப் பார்க்காதே. எந்த நாளில், எந்தக் கல்லறையில் மக்கள் கூடினார்கள் என்று பார் என்றார் அவர். ஆதித் திருச்சபையின் பழக்கமும் அதுவே. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னா நகரத்தில் முதிய ஆயர் பொலிகார்ப்பைக் கொன்று எரித்தபோது, அங்கிருந்த கிறிஸ்தவர்கள் மற்றத் திருச்சபைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். எலும்புகளைப் பொறுக்கித் தகுந்த இடத்தில் வைத்தோம், ஆண்டுதோறும் அங்கே கூடி அவர் இறந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுவோம் என்பது அதன் சாரம். இறந்த நாளைப் பிறந்தநாள் என்று சொல்லத் துணிந்த அந்தச் சிறு கூட்டத்திலிருந்துதான் புனிதர் திருநாள்கள் அனைத்தும் கிளைத்தன. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமை நாள்காட்டித் தொகுப்பு ஒன்றில் மறைசாட்சிகளின் பட்டியல் இருக்கிறது. அதில் செபஸ்தியாருக்குக் கிடைத்திருப்பது ஒரே வரி: ஜனவரி 20, நிலத்தடிக் கல்லறைகள் இருந்த இடத்தின் பெயர், அவ்வளவுதான். அம்பு இல்லை, அரசனின் கோபம் இல்லை. அவையெல்லாம் அதற்குப் பின், ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்றில் வந்து சேர்ந்தவை.

உடனே எழும் கேள்வியை நான் மதிக்கிறேன். கதைகள் பிற்காலத்தில் வந்தவை என்றால், அவற்றை நம்பி விழா எடுப்பது ஏமாறுவதாகாதா? அம்பின் பயணத்தைத் தொடர்ந்து போனால் பதில் கிடைக்கிறது. 680ஆம் ஆண்டு இத்தாலியைக் கொள்ளைநோய் வாட்டியபோது, பவியா நகரத்தார் செபஸ்தியாருக்குப் பீடம் எழுப்பிய பிறகே நோய் தணிந்தது என்று லொம்பார்தியரின் வரலாற்றை எழுதிய பவுல் என்ற துறவி குறித்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் வந்து தைக்கும் நோயை அம்பு என்று நினைப்பது பழைய உலகத்துக்கு இயல்பு. அந்த அம்பு போர்த்துக்கீசியர் கப்பலில் மேற்குக் கடற்கரைக்கு வந்தபோது இங்கே பெரியம்மை காத்திருந்தது. திருச்சூர்ப் பக்கத்து ஊர்களில் அம்புப் பெருநாள் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் நீளத்து வெள்ளி அம்பைத் தட்டில் வைத்து, முத்துக்குடை பிடித்து, செண்டை முழங்க வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். வாசலில் விளக்கேற்றி வீட்டார் அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்து வணங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டுக்கு வீடு கதவடைத்த நோயின் நினைவாக, ஊரே ஒரு பொருளைக் கைமாற்றிக் கைமாற்றித் தொடுகிறது! ஐந்தாம் நூற்றாண்டுக் கதையாசிரியர் கற்பனை செய்தாரா இல்லையா என்பது வரலாற்று ஆய்வாளருக்கு உரிய கேள்வி, அதை அவர் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஜனவரி 20 என்ற நாள் கற்பனையல்ல. ஆலப்புழைக்கு வடக்கே அர்த்துங்கலில் அதே நாளையொட்டிப் பெருங்கூட்டம் கூடுகிறது. சபரிமலையில் மகரவிளக்கு கண்டு திரும்பும் பக்தர்கள் அங்கே வந்து மாலை கழற்றுவதும் பழக்கத்தில் இருக்கிறது. கதையை நம்பாதவர்களும் நாளை மதிக்கிறார்கள்.

மகதலா மரியாவின் நிலை செபஸ்தியாருக்கு நேர் எதிர். செபஸ்தியாருக்கு நாளும் இடமும் உண்டு, உறுதியான வாழ்க்கைக் கதை இல்லை. மகதலா மரியாவுக்கு நற்செய்தி நூல்களிலேயே கதை உண்டு, கல்லறைதான் இல்லை. எபேசில் என்றார்கள் பழையவர்கள். அங்கிருந்து எலும்புகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள் கிழக்கத்தியர். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் வெசலே மடம், எங்களிடம்தான் இருக்கிறார் என்றது. 1279இல் தெற்கே சான் மாக்சிமான் என்ற ஊரில் தோண்டி எடுத்ததாகச் சொல்லவே, பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. இடம் இத்தனை முறை மாறியது. கதையும் நிலைகொள்ளவில்லை. 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில், லூக்கா நற்செய்தியில் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணும் பெத்தானியா மரியாவும் மகதலா மரியாவும் ஒருவரே என்று சொல்லிவிட்டார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களுக்குச் சேதி சொன்னவர், மேற்குலகின் மனத்தில் விரித்த கூந்தலோடு அழும் பாவியாக ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றார். கீழைத் திருச்சபைகள் அந்தக் குழப்பத்தை ஏற்கவேயில்லை, அவரைத் திருத்தூதர்களுக்குச் சமமானவர் என்றே வணங்கின. ஆனால் நாள்? எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட் தொகுத்த பட்டியலில் அவருடைய நாள் ஜூலை 22. கிழக்கிலும் அதே நாள். இன்றும் அதே நாள். கல்லறை மாறியது, கதை மாறியது, நாள் மாறவில்லை.

பள்ளித்துறை மக்கள் தங்கள் கோயிலைக் கொடுத்த காலத்தை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இன்னொன்று துலங்கும். அந்த ஆண்டுகளில் பூசை லத்தீனில் நடந்தது. ஜூலை 22 அன்று வாசிக்கப்பட்டது லூக்கா ஏழாம் அதிகாரம், கண்ணீரால் இயேசுவின் பாதத்தை நனைத்த பாவியின் கதை. 1969இல் நாள்காட்டியைச் சீர்திருத்தியபோது திருச்சபை அதை எடுத்துவிட்டு, யோவான் இருபதாம் அதிகாரத்தை வைத்தது. விடியும் முன் கல்லறைக்குப் போன பெண், அது வெறுமையாக இருப்பதைக் கண்டு, ஆண்டவரை எங்கே வைத்தார்களோ என்று அழும் பகுதி அது. பிறகு தோட்டக்காரர் என்று நினைத்தவர் தன் பெயரைச் சொல்லி அழைத்ததும் அறிந்துகொள்கிறாள். பற்றிக்கொள்ளாதே, போய்ச் சொல் என்று அவளுக்குக் கட்டளை கிடைக்கிறது. 2016 ஜூன் 3ஆம் தேதி வத்திக்கான் ஆணை அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியது. ஆக, தும்பாவில் பழைய கோயில் கைமாறிச் சில ஆண்டுகளுக்குள், அதன் பாதுகாவலி பாவியின் வேடத்திலிருந்து விடுபட்டு, வெறுமையான இடத்தின் முன் நின்று சேதி பெற்றுப் போகும் தூதராக அந்த மக்களின் காதில் விழத் தொடங்கினார். உரோமையில் அமர்ந்து வாசகத்தை மாற்றியவர்களுக்குத் தும்பா மனத்தில் இருந்திருக்காது. அதனால் இந்தப் பொருத்தம் எனக்குக் குறைந்த மதிப்புடையதாகத் தோன்றவில்லை. விழாவின் பொருளை எழுதுபவர்கள் பாதிதான் எழுதுகிறார்கள், மீதிப் பாதியைக் கேட்கும் ஊர் எழுதிக்கொள்கிறது.

புனிதர் விழா என்பது உள்ளூர்ப் பருவ விழாவின் மேல் பூசிய புதுச் சாந்து என்று சொல்பவர்கள் உண்டு. சில விழாக்களுக்கு அது பொருந்தலாம். ஜூலை 22க்குப் பொருந்தாது. அது கர்க்கடகத்தின் முதல் வாரம், கேரளக் கரை பஞ்ச மாதம் என்று பெயரிட்ட மாதம். மழை கொட்டும், கடல் சீறும், வள்ளம் இறங்குவது கடினம், மடியில் காசிருக்காது. உள்ளூர்ப் பருவத்தைப் பார்த்து விழா வைப்பவர் யாரும் அந்த வாரத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்கள். நாள் வெளியிலிருந்து வந்தது. இந்தக் கரை அதை ஏற்றுக்கொண்டது. சில இடங்களில் கரை தன் வசதிக்கு நாளை மாற்றியும் கொண்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. பதுவை அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13. ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30இல், புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய ஜூன் விழா கச்சான் காற்று வீசும் காலத்தில் வருகிறது. உவரியிலும் புளியம்பட்டியிலும் பெருவிழா ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கிறது. கச்சத்தீவில் தவக்காலத்தையொட்டி, கடல் படகுக்கு இணங்கும் நாளில் நடக்கிறது. அங்கே இந்திய யாத்திரிகர்கள் வழக்கம்போல் வந்துபோக விசாவோ பயண ஆவணமோ தேவையில்லை என்று 1974 ஒப்பந்தமே எழுதியிருக்கிறது. இலங்கைப் போரில் நின்ற விழா போர் ஓய்ந்ததும் திரும்பிவந்தது. அப்படியானால் நாளும் நிலையானதல்லவே என்று கேட்கலாம். தேதி நகர்ந்தது, ஆண்டுக்கொரு முறை திரும்பி வருவோம் என்ற வாக்கு நகரவில்லை. அந்தோனியார் அடக்கமானது செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமையைப் பதுவையிலிருந்து தூத்துக்குடி வரை இன்றும் நவநாளாகக் காக்கிறார்கள். உப்பும் மிளகும் கொண்டு செவ்வாய்தோறும் கோயிலுக்கு வரும் பெண்ணுக்கு 1231ஆம் ஆண்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவர் அந்த ஆண்டின் ஒரு நாளைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

செலவைப் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. கொடியேற்று முதல் கொடியிறக்கு வரை பத்து நாள். விளக்கு, வாணவேடிக்கை, மேளம், அசனம். மீனவக் கிராமங்களில் வரிப்பணமாக வீட்டுக்கு வீடு வாங்குவதும், கடன் வாங்கிக் கொடுப்பவர் இருப்பதும் உண்மை. ஆயர்கள் பலர் எளிமையை வற்புறுத்தி வருவதில் நியாயம் இருக்கிறது, நான் அவர்கள் பக்கம். ஆனால் வாணவேடிக்கை குறைவதால் விழா குறைவதில்லை. விழாவின் உயிர் எங்கே என்று பார்க்க விரும்புபவர் கொடியேற்று மாலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். புனிதர் படம் தைத்த துணிக்கொடியை ஊர்வலமாகக் கொண்டுவந்து மந்திரித்து, கயிற்றில் கட்டுவார்கள். இழுக்கத் தொடங்கியதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். கொடி உச்சிக்குப் போய் விரியும் வரை எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருக்கும். வளைகுடாவிலிருந்து லீவு எடுத்து வந்த பையனும், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்த பெண்ணும் அந்தக் கயிற்றின் கீழ் நிற்பார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. முன்பு பனையோலைக் கொட்டகையில் நடந்தது இப்போது கான்கிரீட் மண்டபத்தில் நடக்கிறது. கோயில் முகப்பில் சீரியல் பல்பு போய் எல்இடி ஓடுகிறது. கயிறு மட்டும் கையால்தான் இழுக்கப்படுகிறது.

இடமே இல்லாமல் நாள் மட்டும் எஞ்சுவது பழைய புனிதர்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. புதுக்குறிச்சி மிக்கேல் அதிதூதர், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று புனிதர் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட கிராமம், பள்ளித்துறை மகதலா மரியா, வெட்டுகாடு தேவமாதா, வலியதுறை அந்தோனியார், பூந்துறை தோமா என்று வடக்கிருந்து தெற்காகத் திருவனந்தபுரம் கரை முழுதும் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 1544இல் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகச் சவேரியார் எழுதியதை நினைத்தால், இந்த வரிசையின் வேர் எவ்வளவு ஆழம் என்று புரியும். இந்தக் கரையை ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அது மீனவரான அந்திரேயா திருத்தூதரின் திருநாள். பூந்துறை முதல் கன்னியாகுமரிக் கடற்கரை வரை, போனவர்களில் பலருடைய உடல் கரை சேரவேயில்லை. கல்லறை கட்ட இடமில்லாத குடும்பங்களுக்கு அந்த நாள்தான் கல்லறை. ஆண்டுதோறும் அவர்கள் மெழுகுதிரி ஏற்றுவதைப் பார்க்கும்போது, ஸ்மிர்னா கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதம் பழைய ஏட்டில் மட்டும் இருப்பதாகத் தோன்றவில்லை. நாஞ்சில் நாட்டில் இன்னொரு சான்று இருக்கிறது. தேவசகாயம் பிள்ளை ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14, அடக்கமானது கோட்டாறு சவேரியார் கோயிலில். 2022 மே 15இல் உரோமை அவரைப் புனிதர் என்று அறிவிப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் அந்த நாளையும் அந்த மலையையும் விடாமல் பிடித்திருந்தார்கள். தெலஹேயின் அளவுகோலை அங்கே வைத்தால் ஓர் அங்குலமும் பிசகாது.

மீண்டும் தும்பாவுக்கு வருகிறேன். நாட்டுக்காகக் கொடுத்ததை இன்று எதற்குத் தோண்டிப் பேச வேண்டும், அறிவியல் முன்னேறிய இடத்தில் புனிதர் எதற்கு என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அறிவியலாளர்களும் இதே பழக்கத்தைத்தான் காக்கிறார்கள். 1968 பிப்ரவரி 2ஆம் தேதி இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்ததைத் தேதியோடு சொல்கிறார்கள். முதல் ராக்கெட்டின் ஐம்பதாம் ஆண்டை 2013இல் கொண்டாடினார்கள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளாயிற்று, இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்று பெயர் வைத்தாயிற்று. நாளும் இடமும்! நினைவைக் காக்க மனிதர்களுக்கு இதைவிடப் பழைய வழியும் தெரியாது, புதிய வழியும் தெரியாது. அதில் குறையொன்றுமில்லை. நான் கேட்பது கோயிலைத் திருப்பிக் கொடுங்கள் என்பதல்ல. பள்ளித்துறைக்காரர்கள் மனமொப்பிக் கொடுத்தது, கொடுத்தபடியே இருக்கட்டும். தும்பாவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நவம்பர் 21ஐச் சொல்லும் அதே மூச்சில் ஜூலை 22ஐயும் சொல்ல வேண்டும். கொடுத்த ஆயரின் பெயரோடு, பெயர்ந்துபோன குடும்பங்களையும் அவர்கள் புதுக்கோயிலுக்குக் கூட்டிப்போன மகதலா மரியாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்க வந்து கழக்கூட்டத்தில் வீடெடுத்திருக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் அருங்காட்சியகம் பார்க்கப் போகிறார்கள். கர்க்கடக மழையில் ஒரு மாலை அவர்கள் புதிய பள்ளித்துறைக் கோயில் பக்கமும் போய்வரலாம். அங்கே அந்தப் பெயரைத் தங்களோடு எடுத்துவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.